இரண்டு வயதில் முதுமை

120 கிராம் எடையுள்ள ஹாம்ஸ்டர் ஒரே வாரத்தில் 12 கிராம் இளைத்துவிட்டால் பார்க்கிற யாருக்கும் தெரியாது. உடம்பு முழுக்க அடர்ந்த மயிர். அதற்கடியில் விலா எலும்பு துருத்திக்கொண்டிருந்தாலும் வெளியே அதே உருண்டைதான். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு வாரத்தில் 6 கிலோ இளைத்தால் வீட்டில் சும்மா இருப்பார்களா? கணக்குப்படி இரண்டும் ஒன்றுதான். வயதான ஹாம்ஸ்டர் இருக்கும் வீட்டில் முதலில் வாங்க வேண்டியது மருந்தோ டானிக்கோ அல்ல. ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சமையலறைத் தராசு.

சென்னையில் என் அக்கா வீட்டில் ஒரு கிழட்டு ஹாம்ஸ்டர் இருந்தது. பெயர் குண்டு. அக்கா மகள் ஞாயிறு மாலைகளில் எவர்சில்வர் டப்பா ஒன்றைத் தராசில் வைத்து, உள்ளே ஒரு பூசணி விதையைப் போட்டு, எண்ணைப் பூஜ்யமாக்குவாள். விதைக்கு ஆசைப்பட்டுக் குண்டு தானாகவே டப்பாவுக்குள் இறங்கும். விதை கன்னப்பைக்குள் போய், அது வெளியே ஏறத் தொடங்குவதற்குள் எண்ணைப் படித்துவிட வேண்டும். படித்ததை நாள்காட்டித் தாளின் ஓரத்தில் குறித்துவைப்பாள். பிடித்து, அழுத்தி, மிரட்டி எடை பார்க்கும் வேலையே கிடையாது. பின்னாளில் கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்விக்கு அந்த நாள்காட்டி ஓரங்கள்தான் பதில் சொல்லின.

இளைப்பைத் தராசில் தேட வேண்டியிருப்பதற்குக் காரணம், இந்த விலங்கு தன் நோயை மறைக்கும். ஆந்தை, நரி, கீரி, பாம்பு என எல்லாவற்றுக்கும் இரையாகும் இனம் அது. நொண்டுவதையோ சோர்வதையோ வெளியே காட்டினால் அடுத்த வேளை யாருடைய வயிற்றிலோ இருக்க வேண்டியதுதான். எனவே கடைசிக் கட்டம் வரை ஓடும், தின்னும், சேர்த்துவைக்கும். "நேற்று ராத்திரி வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்று சொல்லாத ஹாம்ஸ்டர் வீடு அரிது. நேற்றிரவு அது நன்றாக இல்லை. நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. சற்றுப் பெரியது சிரியாவைப் பூர்வீகமாகக் கொண்ட தங்கநிற ஹாம்ஸ்டர். இதைச் சிரியன் என்பார்கள். இரண்டு முதல் இரண்டரை ஆண்டு வாழும், மூன்றைத் தொடுவது அபூர்வம். மற்றவை குள்ள ஹாம்ஸ்டர்கள். ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு. சிரியன் கருவுற்ற 16-ஆம் நாள் குட்டி போடுகிறது. பாலூட்டிகளில் மிகக் குறுகிய கர்ப்பகாலங்களில் ஒன்று இது. பிறந்த குட்டி ஐந்தாறு வாரத்தில் தானே குட்டி போடத் தயாராகிவிடும். இதயம் நிமிடத்துக்கு 300 முதல் 500 முறை துடிக்கிறது. ஒன்றரை வயது ஆகும்போது நடை தளர்ந்து, முதுகு கூனி, மயிர் மெலியத் தொடங்கும். பள்ளிக்கூடப் பிள்ளை ஏழாம் வகுப்பில் வாங்கிய குட்டி, பிள்ளை ஒன்பதாம் வகுப்பு முடிப்பதற்குள் கிழமாகிவிடுகிறது.

ஏன் இவ்வளவு அவசரம்? சின்ன உடம்பு, வேகமான வளர்சிதை மாற்றம், அதனால் சீக்கிரம் தேய்ந்துபோகிறது என்றுதான் பலரும் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. சைபீரியாவில் வளையமிட்டு விடப்பட்ட பிராண்ட் வௌவால் ஒன்று 41 ஆண்டுகள் கழித்து உயிரோடு பிடிபட்டது. அதன் எடை சுமார் 7 கிராம். கிழக்கு ஆப்பிரிக்காவில் மண்ணுக்கடியில் வாழும் மயிரற்ற அகழெலி சிரியன் ஹாம்ஸ்டரைவிடச் சிறியது. 30 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்கிறது. ஆக, உடம்பின் அளவை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

விடையின் பெரும்பகுதியை 1950-களில் பீட்டர் மெடவாரும் ஜார்ஜ் வில்லியம்ஸும் கொடுத்துவிட்டார்கள். காட்டில் ஓர் இனத்தின் பெரும்பாலான உயிர்கள் ஒரு வயதுக்குள்ளேயே இரையாகிப் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது வயதில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் மரபணு ஒன்று அந்த இனத்தில் இருந்தால், இயற்கைத் தேர்வு அதைக் கவனிக்கவே கவனிக்காது. இரண்டு வயது வரை இருப்பதற்கு ஆளே இல்லையே! அதே மரபணு இளமையில் கூடுதலாகக் குட்டி போட உதவுமானால் தேர்வு அதை வரவேற்கவே செய்யும். பறந்து தப்பும் வௌவாலுக்கும் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும் அகழெலிக்கும் நீண்ட காலம் உடம்பைப் பழுது பார்ப்பதில் லாபம் உண்டு. திறந்த வயலில் தனியாக ஓடித் தானியம் பொறுக்கும் ஹாம்ஸ்டருக்கு அந்த லாபம் இல்லை. கூண்டில் நாம் பார்க்கும் முதுமை, அதன் முன்னோர்களில் மிகச் சிலரே கண்ட பருவம். அந்தப் பருவத்துக்கு அதன் உடம்பில் ஏற்பாடு எதுவும் இல்லை. நாம்தான் அதை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம்.

ஹாம்ஸ்டரின் முதுமையைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிந்திருப்பதற்கு ஆய்வகங்கள் காரணம். 1930-ல் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் சால் அட்லர் என்ற ஒட்டுண்ணியியலாளர் லீஷ்மேனியா நோயை ஆராய ஒரு விலங்கைத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்காக இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் சிரியாவின் அலெப்போ நகருக்கருகே ஒரு வயலைத் தோண்டவைத்து, ஒரு தாயையும் 11 குட்டிகளையும் எடுத்தார். மிரண்ட தாய் குட்டி ஒன்றைக் கொன்றது. தாயையும் அங்கேயே கொன்றுவிட்டார்கள். குட்டிகளில் சில வழியில் தப்பின, சில செத்தன. மிஞ்சிய அண்ணன் தங்கைகளைச் சேர்த்து இனம் பெருக்கினார்கள். இன்று உலகெங்கும் வீடுகளில் இருக்கும் சிரியன் ஹாம்ஸ்டர்களில் ஏறக்குறைய எல்லாம் அந்த ஒரு வளையின் வம்சம்தான். மரபணு வேறுபாடு குறுகிய குடும்பம் என்பதால் நோய்களிலும் ஒரு குடும்பச் சாயல் இருக்கிறது.

அந்தக் குடும்ப நோய்களில் முதலாவது அமிலாய்டு. கல்லீரல் சுரக்கும் சில புரதங்கள் வயதாக ஆகச் சரியாக மடியாமல், கரையாத நாராகி உறுப்புகளுக்குள் தங்கிவிடுகின்றன. உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் குழாயின் உட்புறம் படிந்து அடைப்பது போலச் சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் இது படிந்து அடைக்கும். கல்லீரல், அட்ரினல் சுரப்பி எதையும் விடாது. ஆய்வகத்தில் முதுமையடைந்த சிரியன் ஹாம்ஸ்டர்களின் சாவுக்கு முக்கியக் காரணம் இதுதான் என்று பதிவாகியிருக்கிறது. பெண்களைச் சீக்கிரமே பிடிக்கும். பெண்ணின் இரத்தத்தில் மிகுதியாக இருக்கும் ஒரு புரதத்துக்கு இதில் பங்குண்டு. பல பாலூட்டிகளில் பெண் கூடுதல் காலம் வாழ, சிரியன் ஹாம்ஸ்டரில் ஆண் முந்திக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். படிந்ததைக் கரைக்க மருந்து இல்லை. அதிகம் தண்ணீர் குடிப்பது, வயிறு உப்புவது, முதுகு மட்டும் ஒட்டிப்போவது ஆகியவை வெளியே தெரியும் குறிகள்.

அடுத்தது இதயம். முதிய ஹாம்ஸ்டரின் இதயத்தில், பெரும்பாலும் இடது மேலறையில், இரத்தம் உறைந்து கட்டியாகிவிடும். இதயத்தின் சுருங்கும் வலு குறைந்து இரத்தம் தேங்குவதே இதன் தொடக்கம். சக்கரத்தில் இரண்டு சுற்று ஓடிவிட்டு நின்று மூச்சு வாங்குவதும், உறங்கும்போதுகூட விலாப்பக்கம் வேகமாக ஏறி இறங்குவதும், காது மடலும் பாதமும் இளஞ்சிவப்பு மாறி நீலம் பாய்வதும் இதன் அறிகுறிகள். அது நன்றாக இருக்கும் நாட்களிலேயே ஒரு வேலை செய்து வைத்துக்கொள்ளலாம். தூங்கும்போது 15 நொடிக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி, நான்கால் பெருக்கி எழுதி வைப்பது. அந்த எண் தெரிந்தால்தான் பின்னாளில் கூடியிருக்கிறதா என்று சொல்ல முடியும். இதயம் தளர்ந்த நாய்க்குக் கொடுக்கும் நீர்பிரிப்பு மருந்துகளையே துளியளவாக்கி மருத்துவர்கள் ஹாம்ஸ்டருக்கும் தருவதுண்டு. நோய் போகாது, ஆனால் மூச்சு எளிதாகும். இரண்டு வயது விலங்குக்கு ஒரு மாத நிம்மதி சின்ன விஷயம் இல்லை.

வயிறு பெருத்தால் உடனே "சாப்பிட்டுக் கொழுத்துவிட்டது" என்று மகிழ்பவர்கள் உண்டு. வயதான ஹாம்ஸ்டரின் பெருத்த வயிற்றுக்குள் நீர் இருக்கலாம், கல்லீரலில் நீர்க்கொப்புளங்கள் இருக்கலாம், கட்டி இருக்கலாம், பெண்ணானால் கருப்பையில் சீழ் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதில் ஒரு குழப்பம் உண்டு. பெண் ஹாம்ஸ்டருக்கு நான்கு நாளுக்கு ஒருமுறை சினைப்பருவம் வரும். அது முடிந்த மறுநாள் கெட்டியான, வெள்ளையான, லேசாக வாடையடிக்கும் திரவம் வருவது இயல்பு. அதைச் சீழ் என்று நினைத்து ஓடுகிறவர்களும் உண்டு, நிஜச் சீழை இயல்பென்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. நான்கு நாள் கணக்குத் தவறாமல் வந்து போனால் கவலை வேண்டாம். தினமும் வந்தாலோ, இரத்தம் கலந்தாலோ, நாற்றம் அடித்தாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

மயிர் உதிர்வது தனிக் கதை. முதுமையில் கொஞ்சம் மெலிவது சாதாரணம். ஆனால் இரண்டு விலாப்புறமும் சமச்சீராக உதிர்ந்து, தோல் மெலிந்து கருத்து, அதோடு தண்ணீரும் தீனியும் அளவுக்கு மீறிப் போனால் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசாலை அதிகம் சுரக்கிறது என்று சந்தேகிக்கலாம். மனிதருக்கும் நாய்க்கும் வருகிற குஷிங் நோய்தான் இது. பொடுகு பறந்து, முதுகிலும் பிட்டத்திலும் திட்டுத்திட்டாக உதிர்ந்தால் மயிர்க்கால்களில் வாழும் டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய உண்ணியாக இருக்கலாம். இந்த உண்ணி ஆரோக்கியமான ஹாம்ஸ்டரின் தோலிலும் சத்தமில்லாமல் குடியிருப்பதுதான். நோய் எதிர்ப்பு குறையும்போது பெருகிவிடும். ஆகவே உண்ணியைக் கொன்றால் மட்டும் வேலை முடியாது, எதிர்ப்பைக் குறைத்த அடிப்படை நோய் எது என்று பார்க்க வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிரியனின் இரண்டு இடுப்பிலும் கறுப்பாக ஒரு புள்ளி இருக்கும். கிழ ஆணிடம் மயிர் மெலியும்போது அது பளிச்சென்று தெரியும். அது வாசனைச் சுரப்பி. எண்ணெய் தடவித் தேய்க்க வேண்டாம். ஒன்று மட்டும் பெருத்து, புண்ணாகி, வடிவம் மாறினால்தான் காட்ட வேண்டும்.

இதுவரை சொன்னவற்றில் பலவற்றுக்கு நேரடி மருந்து இல்லை. ஆனால் மருந்தாலேயே சாவது உண்டு. வயிறு சரியில்லை, மூக்கு ஒழுகுகிறது என்று வீட்டில் குழந்தைக்கு வாங்கி மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் சிரப்பில் ஒரு சொட்டை ஹாம்ஸ்டர் வாயில் விடுவது அதைக் கொல்லக்கூடிய செயல். பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். இவை அதன் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைத் துடைத்தெடுத்துவிட, காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் பெருகி நஞ்சைக் கக்கும். சில நாட்களில் கழிச்சல், பிறகு சாவு. இது ஹாம்ஸ்டரின் சொந்தப் பிரச்சினை மட்டும் இல்லை. ஆன்டிபயாடிக் சாப்பிட்ட மனிதர்களுக்கு வரும் கடும் குடல் அழற்சிக்குக் காரணம் தெரியாமல் மருத்துவ உலகம் திணறிய காலம் ஒன்று இருந்தது. 1970-களின் பிற்பகுதியில் ஜான் பார்ட்லெட்டும் அவருடைய குழுவும் கிளிண்டாமைசின் கொடுத்த ஹாம்ஸ்டர்களின் குடலை ஆராய்ந்துதான் அந்தக் கிருமியை நோக்கிப் போனார்கள். இன்று மருத்துவமனைகள் அஞ்சும் ஒரு தொற்று, ஹாம்ஸ்டரின் பலவீனம் வழியாக நமக்குப் புரிந்தது. வீட்டில் இருக்கும் ஹாம்ஸ்டருக்கு அந்தப் பாடத்தின் பயனாவது கிடைக்க வேண்டாமா? பாராசிட்டமால், இபுபுரோஃபென் போன்ற நம்முடைய வலி மருந்துகளையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

எல்லாக் கால்நடை மருத்துவரும் ஹாம்ஸ்டர் பார்ப்பதில்லை. மாட்டையும் நாயையும் பார்த்துப் பழகிய கைக்கு 100 கிராம் உடம்பில் ஊசி போடுவது வேறு கலை. எனவே நோய் வருவதற்கு முன்பே, பறவை, முயல், எலி போன்ற சிறு பிராணிகளைப் பார்ப்பவர் யார் என்று விசாரித்து எண்ணை வாங்கி வைத்திருப்பது நல்லது. சென்னையில் வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்கலாம். போகும்போது புதுப் பெட்டி வேண்டாம். அதன் சொந்த வாசனை உள்ள படுக்கையில் ஒரு கைப்பிடி போட்டு, ஒரு துண்டு வெள்ளரிக்காயும் வைத்து எடுத்துப் போனால் பயம் குறையும். எடைக் குறிப்பு, மூச்சு எண்ணிக்கை, ஒரு நாளைக்கு எத்தனை மில்லி தண்ணீர் குறைகிறது என்ற கணக்கு, இரவில் அது நடப்பதைக் கைபேசியில் எடுத்த வீடியோ, இவை நான்கும் இருந்தால் பாதிப் பரிசோதனை முடிந்த மாதிரி. சாதாரணமாக 100 கிராம் எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 மில்லி தண்ணீர் போகும். அது திடீரென்று இரட்டிப்பானால் சிறுநீரகம், அட்ரினல், சர்க்கரை நோய் மூன்றில் ஏதோ ஒன்றின் பக்கம் மருத்துவர் யோசிப்பார். கேம்ப்பெல் வகைக் குள்ள ஹாம்ஸ்டருக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் அதற்குப் பழமும் தேனும் கூடவே கூடாது.

ஹாம்ஸ்டர் பற்றி மேல்நாட்டார் எழுதும் கையேடுகள் எல்லாம் குளிரைப் பற்றியே எச்சரிக்கும். அங்கே அது நியாயம். வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கி, பகல் குறுகி, தீனியும் குறைந்தால் ஹாம்ஸ்டர் உடலைக் குளிரவிட்டுச் செத்ததுபோல் கிடக்கும். மீசை லேசாக அசையும், ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே நீண்ட இடைவெளி. மெல்ல மெல்லச் சூடாக்கினால் எழுந்துவிடும். இந்த உறக்கம் ஆயுளோடும் சம்பந்தப்பட்டது. துருக்கி ஹாம்ஸ்டர்களில் அதிகம் உறங்கியவை அதிகம் வாழ்ந்தன என்று சார்லஸ் லைமன் குழு 1981-ல் காட்டியது. ஊட்டி, கொடைக்கானல் வீடுகளுக்கும் டொராண்டோ, லண்டன் வீடுகளுக்கும் இது பொருந்தும். ஆனால் சென்னையிலோ மதுரையிலோ 30 டிகிரி அறையில் ஹாம்ஸ்டர் சில்லிட்டுத் தொய்ந்து கிடந்தால் அதை உறக்கம் என்று நினைத்துக் காத்திருப்பது ஆபத்து. அது அதிர்ச்சி நிலை, அவசரம்.

நம் ஊரில் எதிரி வெயில். ஹாம்ஸ்டருக்கு 20 முதல் 25 டிகிரிதான் சுகம். 30-ஐத் தாண்டினால் கஷ்டம். வயதான இதயத்துக்கு இரட்டைக் கஷ்டம். அதற்கு நம்மைப் போல வியர்க்காது என்பதால் மின்விசிறிக் காற்று பெரிய உதவி செய்யாது. வியர்வை ஆவியாகும்போதுதான் காற்று நம்மைக் குளிர்விக்கிறது. இங்கே ஆவியாக ஒன்றும் இல்லை. விசிறி சூடான காற்றையே அதன் மேல் தள்ளும். மே மாதத்தில் வீட்டின் கீழ்த்தளத்து வடக்கு அறையோ, பிற்பகலில் ஏசி ஓடும் அறையோ வேண்டும். கூண்டுக்குள் ஒரு டைல்ஸ் துண்டு அல்லது சுட்ட மண் ஓடு கிடந்தால் அதன் மேல் வயிறு படக் குப்புறப் பரப்பிப் படுத்துக்கொள்ளும். குண்டு கோடைகாலத்தில் பகல் முழுவதும் அந்த ஓட்டை விட்டு நகராது. கரண்ட் போனால் உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டின் வெளிப்பக்கம் சாய்த்து வைக்கலாம். விலகிப் போக இடம் விட்டு ஒரு பக்கம் மட்டும் வைக்க வேண்டும். குளிர்ந்த நீரில் முக்கி எடுப்பது அதிர்ச்சியிலேயே கொன்றுவிடும்.

கூண்டும் அதன் வயதுக்கேற்ப மாற வேண்டும். இளமையில் வாங்கிய மூன்று மாடிக் கூண்டில் கிழ ஹாம்ஸ்டர் இருப்பது, லிப்ட் இல்லாத நான்காவது மாடியில் மூட்டுவலித் தாத்தா இருப்பதைவிட மோசம், ஏனென்றால் இது விழும். பார்வை வேறு மங்கியிருக்கும், கண்புரை சகஜம். மாடிகளை எடுத்துவிட்டுத் தரைத்தளம் மட்டும் வைக்க வேண்டும். தண்ணீர்க் குழாயின் நுனி, தலையை உயர்த்தாமல் எட்டும் உயரத்தில் இருக்கட்டும். அருகிலேயே பாட்டில் மூடி அளவில் ஒரு தட்டிலும் தண்ணீர் வைக்கலாம். சக்கரத்தில் கம்பிகளுக்கு நடுவே கால் சிக்கும் வகை இருந்தால் தூக்கி எறிந்துவிட்டுத் தட்டையான, பெரிய சக்கரமாக மாற்ற வேண்டும். சக்கரத்தை முழுக்க எடுத்துவிடுவது இரக்கம்போல் தோன்றினாலும், சற்றே நடப்பது மூட்டுக்கு நல்லது. படுக்கைக்கு வாசனை வீசும் பைன், தேவதாரு மரச்சீவல் வேண்டாம். அதிலிருந்து எழும் ஆவி நுரையீரலை உறுத்தும். வாசனையில்லாத டிஷ்யூ பேப்பரைக் கிழித்துப் போட்டால் போதும். கடைகளில் விற்கும் பஞ்சுப் படுக்கை காலில் சுற்றி இறுக்கிவிடும், விழுங்கினால் குடலை அடைக்கும். பொருட்களின் இடத்தை மட்டும் மாற்றாதீர்கள். கண் மங்கிய ஹாம்ஸ்டர் தன் வீட்டை மோந்தே நடமாடுகிறது. அதனால்தான் கூண்டைச் சுத்தம் செய்யும்போது பழைய படுக்கையில் சுத்தமான பகுதியில் கொஞ்சத்தைத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது.

வெட்டுப்பற்கள் சாகும் வரை வளரும். கடினமானதைக் கொறிப்பது குறைந்தால் அவை வளைந்து வாயைக் குத்தும். சாப்பாடு நின்றுபோவதற்கு இது அடிக்கடிக் காரணம். மஞ்சளாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், இரும்புச்சத்து படிந்த அந்த மஞ்சள்தான் அதன் நிறம். கடைவாய்ப்பற்கள் வளர்வதில்லை, அவை தேயும், சொத்தையாகும். பிறகு கம்பும் தினையும் கன்னப்பைக்குப் போய் மூலையில் குவியுமே தவிர வயிற்றுக்குப் போகாது. ஆக, தட்டு காலியாவதைக் கண்டு ஏமாறக்கூடாது. பதுக்கிய குவியலைத் தோண்டிப் பார்க்க வேண்டும். மெல்ல முடியாததற்குத் தீவனக் குருணையை வெந்நீரில் ஊறவைத்துக் குழைத்துக் கொடுக்கலாம். அவித்த முட்டையின் வெள்ளை, உப்பில்லாத ஓட்ஸ் கஞ்சி, வேகவைத்த பூசணி எல்லாம் சுண்டைக்காய் அளவு. ஒட்டிக்கொள்ளும் பண்டம் கன்னப்பையில் சிக்கி அழுகும். ஊசி நீக்கிய 1 மில்லி சிரிஞ்சால் ஊட்ட வேண்டி வந்தால் வாயின் பக்கவாட்டில், வெட்டுப்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் நுனியை வைத்து, ஒரு சொட்டு விழுங்கிய பிறகே அடுத்த சொட்டு. நேராக உள்ளே பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

பராமரிப்பில் பலரும் மறந்துவிடுவது வெளிச்சம். 1988-ல் மார்ட்டின் ரால்ஃபும் மைக்கேல் மெனாக்கரும் ஒரு விசித்திர ஹாம்ஸ்டரைக் கண்டார்கள். அதன் உடம்புக் கடிகாரம் 24 மணிக்குப் பதில் 22 மணியில் ஒரு சுற்று முடித்தது. அதன் வம்சத்தில் 20 மணி நேரக் கடிகாரம் உள்ளவையும் பிறந்தன. மூளையின் அடியில் கண் நரம்புகள் சந்திக்கும் இடத்துக்கு மேலே உள்ள ஒரு சிறு அணுக்கூட்டத்தைக் கருக்குட்டியிலிருந்து எடுத்து, அது அழிக்கப்பட்ட இன்னொரு ஹாம்ஸ்டருக்கு 1990-ல் பொருத்தியபோது, பெற்ற விலங்கு கொடுத்த விலங்கின் நேரப்படி ஓடத் தொடங்கியது. கடிகாரம் மூளையில் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு ஹாம்ஸ்டர் பதில் சொல்லிவிட்டது. 1998-ல் மார்க் ஹர்டும் ரால்ஃபும் இன்னும் ஒரு படி போனார்கள். வெளியே உள்ள பகல் இரவோடு ஒத்துப்போகாத கடிகாரம் உள்ள ஹாம்ஸ்டர்கள் சீக்கிரம் இறந்தன. கடிகாரம் தளர்ந்த கிழ ஹாம்ஸ்டர்களுக்கு இளம் அணுக்கூட்டத்தைப் பொருத்தியபோது தாளம் திரும்பியது, ஆயுளும் நீண்டது.

நம் வீட்டில் மூளை அறுவை நடக்கப்போவதில்லை. ஆனால் இரவு ஒரு மணி வரை டியூப்லைட்டும் டிவியும் ஓடும் கூடத்தில் கூண்டை வைப்பது, ஏற்கனவே தளர்ந்த கடிகாரத்தை மேலும் குழப்புகிறது. பகலில் மங்கலான இயற்கை வெளிச்சம், இரவில் நிஜமான இருட்டு, மாத்திரையும் தீனியும் தினமும் அது தானாக விழிக்கும் அதே மாலை வேளையில் என்று வைத்துக்கொண்டால் செலவே இல்லை. கூண்டில் இரவில் மட்டும் ஓடும் ஹாம்ஸ்டரின் உறவுகளைத் தெற்குத் துருக்கி வயல்களில் கண்காணித்தவர்கள், அங்கே பெண்கள் பகலில்தான் வளையை விட்டு வெளியே வருகின்றன என்று 2008-ல் எழுதினார்கள். ஏன் கூண்டில் மட்டும் இரவுவாசியாகிறது என்பது இன்னும் பேசித் தீராத விஷயம்.

எப்போது நிறுத்துவது என்ற கேள்வி கடைசியில் வந்தே தீரும். நான் பார்த்தவரை, வீட்டார் இதைத் தள்ளிப்போடுவதற்கு அன்பைவிடக் குழப்பம்தான் காரணம். அது வலிக்கிறது என்று கத்தாது. கண்ணைப் பாதி இடுக்கி, முதுகைக் கூனி, காதைப் பின்னால் மடித்து, ஒரே மூலையில் உட்கார்ந்திருப்பதும், மயிரை நக்கிச் சீர்செய்யாமல் விட்டு எண்ணெய்ப் பிசுக்காக, கலைந்து கிடப்பதும் வலியின் அடையாளங்கள். எலி வகைகளின் முகபாவத்தை வைத்து வலியை அளக்கும் முறையை 2010-ல் சுண்டெலிகளுக்கு உருவாக்கினார்கள்; கண் இடுக்குவது அதில் முக்கிய அளவுகோல். மெலாக்ஸிகாம் போன்ற வலி மருந்தை மருத்துவர் அளந்து கொடுத்தும் மூன்று விஷயங்கள் திரும்பாவிட்டால், அதாவது தானாகச் சாப்பிடுவது, கூட்டைச் சரிசெய்துகொள்வது, மயிரைச் சுத்தம் செய்வது, அதற்கு மேல் இழுப்பது நமக்காகத்தான். கருணைக்கொலை முறையாகச் செய்யப்படும்போது முதலில் மயக்க வாயுவில் உறங்கவைப்பார்கள், அதன் பிறகே ஊசி. அப்படிச் செய்வார்களா என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

குண்டுவுக்கு அந்தத் தேவை வரவில்லை, ஒரு பிற்பகலில் ஓட்டின் மேலேயே போய்விட்டது. கால்நடை மருத்துவர் உடற்கூறு ஆய்வு செய்ய விருப்பமா என்று கேட்டார். அக்கா மகள் அழுதுகொண்டே சரி என்றாள். இடது மேலறையில் உறைகட்டி. சிறுநீரகம் இரண்டும் வெளிறி, மேல்பரப்பு சொரசொரத்து இருந்தன. ஆய்வகங்கள் எண்ணெழுதிய கூண்டுகளில் பார்த்ததும் இதையேதான். வீட்டு ஹாம்ஸ்டர்களைப் பற்றிய பதிவு அந்த அளவுக்கு இல்லை. எந்த மருந்து எத்தனை நாள் நிம்மதி தந்தது என்பதெல்லாம் பெரும்பாலும் மருத்துவர்களின் நினைவில்தான் தங்குகிறது. எடைக் குறிப்பிருந்த நாள்காட்டித் தாள்களைப் படமெடுத்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்டதற்குக் காரணம் அதுதான்.